பி பக்கத்தில் நாலு நிமிசம்

"ஒச்சம்னா குறைன்னு அர்த்தம்மா,
அட்டையில அந்தப் பேரு வேணாம்" என்றார்
டவுன்ஹால் ரோட்டு மாடியில்
கேசட் கம்பெனி வைத்திருந்த சுகுமாரன்.
எங்க சாமி பேருங்க அது என்றேன்.
"சாமிக்குச் சரி. கேசட்டுக்கு ஆகாது."

தொண்ணூற்றி நாலு, ஆடி மாசம்.
கருமாத்தூரில் முதல் பஸ் ஏறி
பெரியாரில் இறங்கி
வெறும் வயிற்றோடு முப்பத்திரண்டு படி.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
முட்டை எங்கே, அட்டை மட்டும் இருக்கே என்று
பம்பைக்காரர் வெயில்முத்துவிடம் கேட்டேன்.
சத்தம் வெளியே போகாமல் இருக்க, என்றார்.
சத்தம் வெளியே போகத்தானே
இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

மின்விசிறியை அணைத்தார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒருவன் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.
வேறு முகம் இல்லை.
அவனுக்காகப் பாடினேன்.
சாமிக்கு இரண்டு, மாமனுக்கு மூன்று, மழைக்கு ஒன்று.
மழைப் பாட்டில், கீழே ரோட்டில்
ஒரு லாரி ஹாரன் அடித்தது.
இப்போதும் கேட்கலாம்:
"கருக்கல்" என்ற சொல்லை இடித்துக்கொண்டு
போகிறது அந்த லாரி.

பி பக்கம் முடிந்தபோது சாயங்காலம்.
நாடா இன்னும் நாலு நிமிசம் பாக்கி.
"சும்மா விட்டா கடைக்காரன் திருப்பி அனுப்புவான்,
ஏதாச்சும் பாடும்மா."

கைவசம் பாட்டில்லை.
முந்தின நாள் குழாயடியில்
கழுவாயி தள்ளிவிட்ட என் குடம்தான்
நெளிந்தது நெளிந்தபடி
நெஞ்சுக்குள் கிடந்தது.
அதை எடுத்தேன்.
தெருவைச் சொல்லி, அவள் பேரைச் சொல்லி,
அவள் புருசன் வட்டிக்கு வாங்கிய
எண்ணூறு ரூபாயையும் சொல்லி.
வெயில்முத்து அடிக்கிற கையை நிறுத்திச் சிரித்தார்.
சிரிப்பும் ஏறிவிட்டது நாடாவில்.

சம்பளம் ஐநூறு, கேசட் பத்து.
அட்டையில் யாரோ ஒரு பிள்ளை,
சிவப்புத் தாவணி, கையில் கரும்பு.
கீழே, கிராமத்துக் கிளி உஷாராணி.
என் வீட்டுக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு
"நல்லா இருக்கே, யாரு?" என்றார்.
அன்றைக்கு ராத்திரி
அவருக்குச் சோறு இல்லை.

தீபாவளிக்குக் கடைக்கு வந்தது.
தைக்குள் செக்கானூரணி டீக்கடையில் குடம்,
திருமங்கலம் டவுன்பஸ்ஸில் குடம்.
டிரைவர் சாமியைத் தாண்டி, மாமனைத் தாண்டி
விறுவிறுவென்று சுற்றி
நேராகக் குழாயடியில் வந்து நிறுத்துவானாம்.

கழுவாயி மூன்று மாதம் பேசவில்லை.
ஒருநாள் விடிந்ததும் வாசலில் நின்றாள்.
என் கை விளக்குமாற்றைத் தேடியது.
"ரெண்டு கேசட்டு குடுடி.
மகளைக் கட்டிக்குடுத்த ஊர்ல
நான்தான் அந்தக் கழுவாயின்னா
நம்பமாட்டேங்குறாக."

சித்திரையில் முதல் மேடை, சோழவந்தான் பக்கம்.
வேப்பமரத்தில் டியூப்லைட்,
டியூப்லைட்டில் பூச்சி.
மைக்கில் அழைத்தார்கள், உஷாராணி.
சரி, அந்தப் பிள்ளை முதலில் பாடட்டும் என்று
கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.
மறுபடி அழைத்தார்கள். விசில் பறந்தது.
யாரடா இவ்வளவு கிராக்கி பண்ணுகிறவள் என்று
நானும் எட்டிப் பார்த்தேன்.

கூட்டத்தின் நடுவில்
இடுப்பில் கைவைத்து எழுந்தாள் கழுவாயி.
அதே குழாயடிக் குரல்.
"ஏ ஒச்சு! ஒன்னையத்தான்டி!"

ஏறினேன்.
முதலில் பேரைத் திருத்தினேன்,
ஒச்சம்மா, ஒச்சம்மா என்று இரண்டு தடவை.
பிறகு குடம்.
எதிரே உட்கார்ந்திருக்கிறாளே என்று
அந்த எண்ணூறை மட்டும்
சத்தமில்லாமல் தாண்டப் பார்த்தேன்.

"அடைச்சாச்சுடி," என்றாள்
பாட்டுக்கு நடுவே,
"அதையும் பாடு."