பாதி முதலை

மேட்டில் முள் படுத்துவிட்டது என்று
குமுதவல்லி போன் செய்தபோது
வெளியே மழை, என் வாயில் பாதி ரொட்டி.
"உடனே ஆஃப் பண்ணுங்க" என்றேன்.
"பிள்ளைங்க வேன்ல இருக்காங்க."
"அப்பவும் ஆஃப் பண்ணுங்க."

மூன்று வாரத்துக்கு முன்தான்
பட்டர்வொர்த்தில் பிரித்து விற்கும் கடையிலிருந்து
ஜப்பான் என்ஜின் ஒன்றை இறக்கி
அவள் பள்ளி வேனில் உட்கார வைத்தேன்.
எண்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்றான் சியூ.
சியூவின் கடையில்
எல்லா என்ஜினும் எண்பதாயிரம்தான் ஓடியிருக்கின்றன.

கோலக்கெட்டிலில் எல்லோருக்கும் வைத்தியம் தெரியும்.
பழ லோரி தனபாலன்: "கெட்டி ஆயில் ஊத்து."
கோப்பிக் கடையில் ஒரு குரல்: "பேரிங் போச்சு."
சியூ போனில்: "மீட்டர்தான் லா. என்ஜின் ஓக்கே லா."
நான் கேட்க விரும்பியது அதுதான்.

காது வைத்தேன். தட்டல் இல்லை.
குச்சியில் அளவு சரி, பெட்ரோல் வாடை இல்லை.
சென்சரைக் கழற்றி அதே துளையில்
கை மீட்டரின் குழாயைத் திருகினேன்.
வயர் இல்லை, ஓம் இல்லை, தரகர் இல்லை.
ஆயிலே நேரில் வந்து முள்ளைத் தள்ளும்.

சூட்டில், நின்ற ஓட்டத்தில், ஒன்றரை பார்.
நல்லது.
பழைய டாஷ்போர்டு, புது சென்சர்,
ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத வீடு.
எப்போதும் குறைத்தே காட்டியிருக்கிறது.
"மீட்டர்தான்" என்று நானும் சொல்லிவிட்டுக்
கை கழுவப் போனேன்.

"அப்ப பதினோராம் கட்டை மேட்டுல மட்டும்
ஏன் இன்னும் கீழ போவுது?"
என்றாள் முதுகுக்குப் பின்னால்.

மிதிக்கச் சொன்னேன்.
ஆயிரத்தைந்நூறு சுற்று. இரண்டு பார்.
மூவாயிரம்.
ஏற வேண்டிய முள்
இறங்கியது.
ஒன்று. முக்கால்.
"விடுங்க, விடுங்க!"

பம்ப் உறிஞ்சுகிறது, சட்டியிலிருந்து வரவில்லை.
சட்டி என்றதும்
என் வலது கைக்கு ஞாபகம் வந்தது.
குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதென்று
சுத்தியலால் நான்கே அடி,
சட்டியின் அடிவயிற்றை உள்ளே தள்ளியது.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.
திங்கட்கிழமை அவளுக்கு வேன் வேண்டும்.

கழற்றினேன். இடைவெளி இருப்பது போலத்தான் பட்டது.
கண்ணை நம்பும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.
"களிமண் ஏதும் இருக்கா?"
மூன்றாம் ஆண்டுப் பையன் எவனோ
சீட்டுக்கடியில் விட்டுப்போன
பச்சைக் களிமண்ணைக் கொண்டு வந்தாள்.
பாதி முதலை.
வாலைக் கிள்ளி வடிகட்டியின் வாயில் ஒட்டி
சட்டியை மாட்டி, திரும்பவும் இறக்கினேன்.

சுண்டுவிரல் கனம் இருக்க வேண்டிய இடத்தில்
ஐந்து வெள்ளி நோட்டின் கனம்.

"சியூ ஏமாத்திட்டானா?"
எவ்வளவு சுலபமான கேள்வி.
தலையாட்டியிருந்தால் போதும்.
எண்பதாயிரத்துக்கு அவனுக்கும் கொஞ்சம் சேர வேண்டியதுதான்.

சட்டியைக் கவிழ்த்துப் பள்ளங்களைக் காட்டினேன்.
"அவன் இல்ல. நான். நாலு அடி."

அவள் குனிந்து விரல் வைத்து எண்ணினாள்.
"அஞ்சு இருக்கு" என்றாள்.
பிறகு,
"அந்த வால குடுங்க. நாளைக்கு அவன் கேப்பான்."