நாற்காலிக் கணக்கு

பதினெட்டு நாற்காலிகள்.
எதற்கும் எதுவும் ஜோடியில்லை.
ஒன்பது வீட்டு ஏலங்களுக்கு
மழைநாளாகப் பார்த்துப் போனேன்.
மழையென்றால்
போட்டிக்குக் கை தூக்க ஆளிருக்காது.

நோட்டரி செத்த வீட்டிலிருந்து
வாதுமை மர அலமாரி.
திறந்தால் லாவெண்டர் மணக்கும் என்று
மூக்கை நீட்டுகிறார்கள்.
எலி மணக்கிறது.
பாத்திரம் கழுவும் எந்திரம்
அதன் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது.
சூப் பரிமாறும் நேரம் பார்த்து உறுமும்.
பழைய வீடு, குழாய்கள் முனகுகின்றன என்பேன்.
தலையாட்டி ரசிப்பார்கள்.

செப்புச் சட்டிகள் சுவரில்.
சமைப்பது அலுமினியத்தில்.
தாத்தா காலத்துக் கடிகாரம் நாலு இருபதில் நிற்கிறது,
யாருடைய தாத்தா என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வாத்துக்கால்
அதன் கொழுப்பிலேயே ஆறு மணிநேரம் வேகும்.
முதல் குளிர்காலத்தில்
நாங்களும் அப்படித்தான் வெந்தோம்,
கடனில்.
வங்கியிலிருந்து பெர்துயே வந்து
விரலால் மேசைகளை எண்ணிவிட்டு
ஒரு காபி மட்டும் குடித்துப் போனார்.
காசு வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

பிப்ரவரியில் ஒரு பெல்ஜியத் தம்பதி.
பாலாடைக்கட்டி முடிந்ததும் அந்த அம்மாள்
நாற்காலியின் கையைத் தடவியபடி
இது என்ன விலை என்றாள்.
விற்பதற்கில்லை என்று வாயெடுத்தேன்.
மின்கட்டணச் சீட்டு
கல்லாவுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது.
இருநூற்றைம்பது என்றேன்,
இருபத்திரண்டுக்கு வாங்கியதை.
கணவர் அதைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டிருக்க
க்ரெம் காராமெலை
நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

அன்றுமுதல்
மெனுவில் எழுதாத பதார்த்தம்
நாற்காலி.

கோடைக்குள் பதினொன்று போயிற்று.
விருந்தாளிகள் இருந்தார்கள், உட்கார இடமில்லை.
சமையல்காரன் தெயோஃபான்
லிமோஜ் கிடங்கிலிருந்து
பச்சை வாசனை போகாத பைன் நாற்காலிகள் கொண்டுவந்தான்.
சைக்கிள் சங்கிலியால் அடித்தான்.
வால்நட் தோல் ஊறிய நீரைப் பூசினான்.
இரண்டு மில்லிமீட்டர் துளையூசியால்
பூச்சியரித்த மாதிரி ஓட்டை போட்டான்.
வரிசையாகப் போடாதே,
பூச்சிக்கு அளவுகோல் தெரியாது என்றேன்.
சாஸ் கிண்டுவதைவிட
இதில் அவனுக்குக் கைநேர்த்தி.

மூன்றாவது வசந்தம்.
பெருக்கிய தரையில்
மறுபடி மறுபடி மஞ்சள் மாவு.
கடை அடைத்து, எந்திரம் ஓய்ந்தபின்
குனிந்து காது வைத்தோம்.
கறக். கறக்.
மூன்று நூற்றாண்டு அலமாரியை விட்டுவிட்டு
தெயோஃபானின் பைனில் குடியேறியிருந்தது
நிஜப் பூச்சி.
பொய்த் துளையின் பக்கத்தில் மெய்த் துளை,
எது எதுவென்று
போட்டவனுக்கே தெரியவில்லை.
ஒருத்தராவது நம்பினார்களே
என்று தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

மறுவாரம் போர்தோ வியாபாரி ஒருத்தி
நாற்காலியைக் கவிழ்த்துப் பூதக்கண்ணாடி பிடித்தாள்.
துளை உண்மை என்றாள்.
ஆமாம் என்றேன், அது பொய்யில்லை.
நானூறு.

நாளை திங்கள், விடுமுறை.
மைனஸ் இருபதில் இரண்டு வாரம் வைத்தால்
பூச்சி சாகுமாம்.
உறைபெட்டியில் இடமில்லை,
நாற்பது வாத்துக்கால்கள் கிடக்கின்றன.
இரவு பதினொன்றுக்குக்
கணக்கு நோட்டைப் பிரித்து
இரண்டு பத்திகளையும் கூட்டிப் பார்த்தோம்.

வாத்துகளை வெளியே எடுத்தோம்.