நாலு கோடு

மூங்கில் கழியில் சிவப்பாய் நாலு கோடு.
முதல் கோட்டுக்குத் தலை எட்டாவிட்டால் மாத்திரை இல்லை.
எட்டினால் ஒன்று. அப்புறம் இரண்டு, மூன்று,
நெடியவனுக்கு நாலு.
தராசு வராத ஊரில்
உயரம்தான் எடை.

மோ ஆற்றங்கரையில் நாற்பத்தொரு வீடு.
மசாலோவை ஊர்தான் தேர்ந்தெடுத்தது:
எழுதத் தெரியும், எண்ணிக்கை தப்பாது,
கூலி கேட்கமாட்டாள்.
கேட்டாள்.
முதுகில் எழுத்து அச்சடித்த சட்டை ஒன்று தந்தார்கள்.

முதல் வருடம் மோட்டார் சைக்கிளில் வந்த அதிகாரி
மரத்தடியில் நின்று சொன்னார்:
தாய்ப்புழு தோலுக்கடியில் முடிச்சாய்ச் சுருண்டு கிடக்கும்,
மாத்திரை அதைக் கொல்லாது,
கண்ணுக்கு ஏறும் குஞ்சுகளைத்தான் கொல்லும்.
தாய் கிழடாகித் தானே சாகும்வரை
வருடத்துக்கு இருமுறை
ஊர் மொத்தமும் விழுங்க வேண்டும்.
எத்தனை வருடம்?
பத்து. பதினைந்தும் ஆகலாம்.
கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.
கால்களில் ஆடியது.

கப்பாச்சாவுக்கு முதல் இரவே முகம் வீங்கிவிட்டது.
மறு சுற்றில் சேனைக்கிழங்குக் கொல்லைக்குள் போய் ஒளிந்தான்.
கழியும் தண்ணீர்க் குடுவையுமாய்
மண்மேடுகளுக்கு நடுவே தேடிப் பிடித்தாள்.
முதல் கோட்டுக்குக் கீழே குந்திக்கொண்டான்:
"நான் குழந்தை. எனக்குக் கிடையாது."
சிரித்துவிட்டாள்.
பிறகு எதிரே ஒரு மேட்டில் உட்கார்ந்தாள்.
ஐம்பது வயது முழங்கால்
எவ்வளவு நேரம் குந்தும்?

டக்பாவுக்குக் கண் போய் இருபது வருடம்.
கழி முதுகைத் தொட்டதும் நிமிர்ந்து நிற்பார்,
கையை நீட்டுவார்.
போன கண் திரும்பாதே, ஏன் விடாமல் வாங்குகிறீர்கள் என்று கேட்டாள்.
உங்களிடமிருந்து ஈ எடுத்துப்போய்
ஊர்ப்பிள்ளைக்குக் கொடுக்காமலிருக்கத்தானே?
அறிக்கையில் எழுத நல்ல வாக்கியமாய்
அவள் மனதில் தயாராக இருந்தது அது.
"ராத்திரி தூக்கம் வருது" என்றார்.
ஓட்டுச்சில்லால் சொறிந்து சொறிந்து
வெள்ளை திட்டுத்திட்டாய்ப் போன முழங்காலைத் தடவியபடி,
"நீ சொல்றதும் நல்லதுதான். இருக்கட்டும்."

பேரேட்டில் கட்டங்கள்:
விழுங்கினார். மறுத்தார். நோயாளி.
பருத்தி பறிக்க எல்லை தாண்டிப் போனார்.
இறந்தார்.
எட்டாம் வருடம் தன் பெயருக்கு நேரே
தன் கையாலேயே எழுதினாள்: கர்ப்பம்.

பிறந்தவள் பியாலோ.
நாலு வயதில் கழியருகே நின்று
குதிகாலைத் தூக்கினாள்.
தரையில் வை என்றாள் மசாலோ,
கப்பாச்சாவிடம் சொல்லாத குரலில்.
ஒரு விரல் குறைந்தது.
அழுதுகொண்டே போனவள்
அடுத்த சுற்றில் கோட்டைத் தாண்டியிருந்தாள்.
விழுங்கியதும் முகத்தைச் சுளித்தாள்:
இதுக்கா?

ஆறு பாறைகளில் மோதி நுரைக்கும் இடத்தில்
பாக்கே கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.
ஈ வந்து காலில் அமர்ந்ததும்
கடிக்குமுன் குப்பியைக் கவிழ்ப்பது அவன் வேலை.
பழைய நோட்டில் ஒரு மணிக்கு எண்பத்தேழு, நூற்றுப்பன்னிரண்டு.
இந்த ஆவணியில் காலை முழுக்க மூன்று.
தினக்கூலிக்காரன்,
கவலைப்படாமல் என்ன செய்வான்.
ஈயில்லாத ஆற்றுக்கு
யார் சம்பளம் தருவார்கள்?

நேற்று வண்டி வந்தது.
பள்ளிப் பிள்ளைகளின் விரல்நுனியில் ஊசி,
காகிதத்தில் மூன்று பொட்டு ரத்தம்.
பியாலோ அழவில்லை.
காய்ந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இதில் கோடு எங்கே?" என்றாள்.
முடிவு வர மாதங்கள் ஆகுமாம்.
ஒன்றுமில்லை என்று வந்தால் மாத்திரை நிற்கும்.
அதற்கப்புறமும் சில வருடம்
பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

வண்டிப் புழுதி அடங்கியதும்
மசாலோ கழியைக் கதவோரம் சாத்தினாள்.
கார்த்திகைச் சுற்றுக்கு வேண்டியிருக்கும்.
வேண்டாமலும் போகலாம்.
கரையான் ஏறிவிடாமல்
அடியில் ஒரு கல்லை வைத்தாள்.