ஒன்பது ஊசிகள்

மூடியைத் திறந்தால் மூக்கால் முனகுகிறது விசிறி.
பேட்டரி செத்து ஆறு வருடம்.
சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினால்
அந்த நொடியே கண்ணை மூடிவிடும்.
மடிக்கணினி என்று சொல்வது மரியாதைக்கு;
மேஜையோடு கட்டிப்போட்ட பிராணி.
வலது கீலில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி.
ஏழாம் எண் கழன்று எங்கோ உருண்டுபோனது.
எழுபது டெசிபல் வேண்டுமென்றால்
முதலில் பென்சிலைத் தேட வேண்டும்,
பள்ளத்தில் குத்த.

தேதியும் நிற்பதில்லை.
எப்போது எழுப்பினாலும்
1980, ஜனவரி ஒன்று என்று சாதிக்கும்.
நான் திருத்த மறந்த காகிதங்களின்படி
கியூம்ரியில் பாதிப் பேருக்கு
அந்தப் புத்தாண்டில்தான் காது கேட்டிருக்கிறது.
எனக்கு அன்று பிறப்பே ஆகவில்லை.

மார்ச்சில் யெரெவானிலிருந்து பெட்டி வந்தது.
லவாஷ் ரொட்டிபோல் மெல்லிய லேப்டாப்.
நாலு விளிம்பையும் தடவிப் பார்த்தேன்.
ஒன்பது ஊசிக்கு எங்குமே இடமில்லை.
பழையதைக் கழிவுப் பட்டியலில் ஏற்றினேன்,
வரிசை எண் பதினான்கு.
அதன்மேல் ஜெரேனியம் தொட்டியை வைத்தேன்.

அதே பெட்டியில் புதிய செவிக்கருவிகள்.
ஒன்றை கேகாமுக்கு மாட்டினேன்.

கேகாமுக்கு ரயில்வேயில் வேலை.
நீளக் காம்புச் சுத்தியலோடு
சரக்கு வண்டியை ஒட்டியே நடப்பார்.
சக்கரத்துக்கு ஒரு தட்டு, ஒரு செவி.
நல்ல சக்கரம் கணீரென்று இழுக்கும்.
விரிசல் கண்டது
ஈரச் சட்டியைத் தட்டினாற்போல்
தொப்பென்று விழும்.

"பளிங்கு மாதிரி கேட்குது, சிரானுஷ்" என்றார்.
கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

மூன்றாம் நாள்
நான் பூட்டைத் திறக்குமுன் வாசலில் நின்றார்.
கையில் தொப்பி. தொப்பிக்குள் கருவி.

"மனைவி பேசுறது கேட்குது.
அவள் தங்கை பேசுறதும் கேட்குது, அது போகட்டும்.
சக்கரம் பேசலை.
தட்டினால் முதல் சொட்டு வருது,
அப்புறம் யாரோ தலையணை வச்சு அமுக்குறாங்க.
நாற்பது வேகன். முந்நூற்று இருபது சக்கரம்.
அத்தனையும் விரிசல்னு எழுதவா?"

புரிந்தது.
நீளும் ஒற்றை ஒலி எதுவானாலும்
தன் சொந்த விசில் என்று பயந்து
வாயைப் பொத்திக்கொள்கிறது புதுக்கருவி.
கெட்ட புத்தி இல்லை.
சாப்பாட்டு மேஜைக்கு, கடைத்தெருவுக்கு நல்ல புத்திதான்.
இரும்பு சொல்வதை மட்டும்
காதில் போட்டுக்கொள்ளாது.
அதை அணைக்கும் இடம் தேடினேன்.
என் கைக்கு எட்டும்படி யாரும் வைத்திருக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து
பழைய கருவியை எடுத்து நீட்டினார்,
பல் கறைபோல் மஞ்சள்.
அதை மாற்றி அமைக்க
ஒரே ஒரு வாசல்தான் உண்டு.

ஜெரேனியத்தை ஜன்னலுக்கு நகர்த்தினேன்.
மூடியில் வட்டமாய் ஈரத் தழும்பு.
கேபிளின் இரண்டு திருகையும் நகத்தால் முடுக்கினேன்.
விசிறி முனகியது. ஜனவரி ஒன்று.
பென்சில் என் காதிலேயே செருகியிருந்தது,
அதற்குப் பத்து நிமிடம் தேடினோம்.

மூவாயிரம் ஹெர்ட்ஸில் கொஞ்சம் ஏற்றினேன்.
நாலாயிரத்தில் இன்னும் கொஞ்சம்.
"போதுமா?"
பதில் சொல்லாமல் எழுந்தார்,
என் தேக்கரண்டியை எடுத்து
ரேடியேட்டரின் முதல் மடிப்பைத் தட்டினார்.
தலை சாய்த்து நின்றார்,
அந்த ஒலி தானாக ஓயும்வரை.
இரண்டாவது.
மூன்றாவதில் மறுபடி தட்டினார்.
மறுபடியும்.

"இது குளிர்காலம் தாங்காது" என்றார்.

நவம்பரில் தாங்கவில்லை.
மூன்றாம் மடிப்பு, அதே இடம்.
வாளி வைத்தேன், கந்தல் வைத்தேன்,
பழையதைத் தூக்கி உயர அலமாரியில் வைத்துவிட்டு
புதியதைத் திறந்து
யெரெவானுக்கு ஒரு கடிதம் அடித்தேன்:
ஒரு ரேடியேட்டர் வேண்டும்.
பட்டியலில் பதினான்காவதை அடித்துவிடுங்கள்.