தயிர் டப்பாவுக்குள் ஒரு மூக்கு

உலான்பாத்தரில் அன்று மைனஸ் இருபத்தெட்டு.
பற்றவைக்கும் இரும்பின் நுனி விரலைச் சுட்டபோது
உண்மையைச் சொன்னால்
இதமாகத்தான் இருந்தது.

"எதற்கு இது?" என்றான் பக்கத்து மேசை துகுல்துர்.
"கைப்பேசியைத் திறந்தால்
காற்று எவ்வளவு கெட்டதென்று அதுவே சொல்லுமே."
சொல்லும்.
அவன் தெருவுக்குச் சொல்லும்.
அரசாங்கத்தின் மூக்கு நகர நடுவில்
மாடிக் கட்டடத்து உச்சியில் நிற்கிறது.
எங்கள் மேட்டுக்கு அது எட்டாது.

எங்கள் மேடு என்றால்
பலகை வேலி, வேலிக்குள் கம்பளி போர்த்திய கெர் கூடாரம்,
அதன் உச்சியில் தகரக் குழாய்,
மறுபடி வேலி, மறுபடி குழாய்.
மாலை ஐந்தரைக்கு எல்லாக் குழாய்களும்
ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும்.
பேருந்தில் ஒருத்தி என் கோட்டை மோந்துவிட்டு
தள்ளி உட்கார்ந்தாள்.
அவளும் மாணவிதான். நீலக் கோட்டு. அழகாயிருந்தது.

மறுநாள் உணரி வாங்கினேன்,
ஒரு மாத மதியச் சாப்பாட்டுக் காசில்.
தீப்பெட்டி அளவுதான். உள்ளே குட்டி விசிறி,
ஒரு சிவப்பு ஒளிக்கீற்று.
தூசு குறுக்கே போனால் எண்ணும்.
எண்ண மட்டும் தெரியும் அதற்கு,
யாருடைய தூசு என்று கேட்கத் தெரியாது.

காலித் தயிர் டப்பாவைத் துளைத்து
அதற்குள் உட்காரவைத்து
தண்ணீர்ச் சாவடிச் சுவரில் மாட்டினேன்.
மேட்டில் யாரானாலும்
கேனோடு வந்து நிற்கவேண்டிய இடம்.
முதல் இரவு: அறுநூற்று நாற்பது.

எண்ணைப் பார்த்தால் திகைப்பார்கள்,
திகைத்தால் திரள்வார்கள்,
திரண்டால்...
வகுப்பில் பெட்டிக்குப் பெட்டி அம்பு வரைவோமே,
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

யாஞ்சிமா அக்கா கேனைக் கீழே வைத்தாள்.
"இது இறங்கினால் சொல்லடி,
துணி காயப்போடணும்."

முகம் விழுந்துவிட்டது எனக்கு.

இரண்டு வாரம் போயிருக்கும்.
திரையின் ஓரத்தில் யாரோ நகப்பூச்சால்
சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள்.
எண் கோட்டுக்குக் கீழே வந்தால்
கொடிகள் நிறைந்தன. விறைத்துத் தொங்கும் சட்டைகள்.
கைக்குழந்தைகள் வெளியே வந்தன,
கண் மட்டும் தெரிய.
இதில் எதையும் நான் வடிவமைக்கவில்லை.
கோடு யார் போட்டது என்றுகூட இன்னும் தெரியாது.

வட்டார அலுவலகத்தில் கேட்டார்கள்:
"கருவிக்குச் சான்றிதழ் உண்டா?"
"இல்லை."
"அப்படியானால் இந்த எண்ணும் இல்லை.
சும்மா புகையைக் கிளப்பாதே."
நெருப்பில்லாமல் புகையாது என்று சொல்ல வாயெடுத்தேன்;
அதற்குள் யாஞ்சிமா அக்கா பையைத் திறந்து
ஒரு குழந்தைத் துணியை மேசையில் விரித்தாள்.
ஒரே ஒரு சாயங்காலம் கொடியில் கிடந்தது.
மடிப்பு இருந்த இடம் மட்டும் வெள்ளை.
"இதுக்குச் சான்றிதழ் வேணுமா, தம்பி?"

வானம் வெளுத்துவிடவில்லை.
தடுப்பூசி வரிசை மட்டும்
காலை எட்டிலிருந்து நண்பகலுக்கு மாறியது.
அவ்வளவுதான். நாலு மணி நேரம்.
ஆண்டிறுதி அறிக்கையில் 'விளைவுகள்' என்ற தலைப்பின் கீழ்
இதை எழுதினேன். பேராசிரியை கேள்விக்குறி போட்டார்.

இன்னொன்றை நான் எழுதவில்லை.
என் டப்பா மின்சாரம் குடிக்கிறது.
கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால்
அது முடிவதும் நிலக்கரி எரியும் ஓர் உலையில்தான்.
தன்னைப் பெற்ற புகையைத்
தானே எண்ணிக்கொண்டிருக்கிறது பிள்ளை.

ஞாயிறுதோறும் புருவத் தூரிகையால்
விசிறியைத் துடைக்கிறேன்.
விரல் கறுக்கிறது. கேனில் தண்ணீர் அளவு,
ஒரு குவளைக்கு மேல் கைகழுவ முடியாது.
பிறகு வீட்டுக்குப் போய்க்
கதவைச் சாத்தி, கையுறையைக் கழற்றி
அடுப்பில் இரண்டு கட்டி போடுகிறேன்.
தம்பி அனிர் போர்வைக்குள் சுருண்டிருக்கிறான்.
மேட்டுச் சாவடியில் இந்நேரம்
எண் ஏறிக்கொண்டிருக்கும்.