பதினேழாவது எழுத்து

அடையாள அட்டையில் என் பெயர்
மங்கையர்க்கர
என்று நிற்கும்.
கடைசி 'சி' அச்சில் ஏறவில்லை.
சேர்ந்த அன்றே புரிந்திருக்க வேண்டும்.

லாஸ்பேட்டையில் டைல்ஸ் கடைக்கு மேல் இரண்டாவது மாடி.
ஆங்கிலத்தில் வரும் பொத்தான்களைத் தமிழாக்குகிறேன்.
சேமி. நீக்கு. பின்செல்.
ஏதோ தவறாகிவிட்டது, மீண்டும் முயலவும்.
நாளொன்றுக்கு நானூறு வரி.
பெண் பார்க்க வந்தவர்களிடம்
சாஃப்ட்வேர் என்று சொல்லிவைத்திருக்கிறார் அப்பா.
பொய்யில்லை,
முழுசாகவும் இல்லை.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எண்.
தாண்டினால் கட்டம் சிவக்கும்.
எண்ணுவது நானில்லை, கருவி.
அதற்கு க என்றால் ஒன்று,
கி என்றால் இரண்டு,
க் என்றாலும் இரண்டு.
பள்ளியில் மெய்க்கு அரை மாத்திரை.
இங்கே மெய்க்கு இரட்டைக் கட்டணம்.
கால், கொம்பு, புள்ளி
எல்லாரும் தனித்தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும்.

போன மார்ச்சில் ஒரு வங்கியின் ஏடிஎம் திரைகள் வந்தன.
கேட்ட தொகை கணக்கில் இல்லாவிட்டால் காட்டும் வரி.
வரம்பு பதினாறு.
இருப்பு போதவில்லை
என்று எழுதினேன்.
விரல்விட்டால் ஒன்பது எழுத்து,
நடுவில் ஒரு மூச்சு.
கருவி பதினேழு என்றது.

ஒரே ஓர் எழுத்துக்கு இடம் கேட்டு
பெங்களூருக்கு எழுதினேன்.
டிசைன் உறைந்துவிட்டது என்றார் நிவேதன்,
கைகூப்பும் பொம்மை ஒன்றும் சேர்த்து.
ஏழு பத்து கடலூர் வண்டியை விட்டால்
ரெட்டிச்சாவடி வரை நின்றுகொண்டே போகணும்.
இருப்பு இல்லை
என்று அடித்தேன்.
பதின்மூன்று. கட்டம் பச்சை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, மஞ்சக்குப்பம் ஏடிஎம்.
எனக்கு முன்னால் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்த ஒருவர்.
நீலச் சட்டை, உடம்பெல்லாம் அந்தப் புளித்த மருந்து வாடை.
ஐந்நூறு கேட்டார்.
திரையில் என் வரி வந்தது.
அதை வெளியுலகில் நான் பார்ப்பது அதுதான் முதல்முறை.
ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"இருக்குதே" என்றார், இயந்திரத்திடம்.
"நானூத்தி அறுபது இருந்துச்சே. காலையில பாத்தேனே."
பிறகு என்னிடம் திரும்பி,
"இருக்குது மேடம்."

இல்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, அண்ணே,
போதவில்லை, அவ்வளவுதான்
என்று சொல்லத் திறந்த வாய்
"சில நேரம் இப்படித்தான் காட்டும்" என்றது.
எவனோ எடுத்துவிட்டான் என்று
முனகிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிப் போனார்.
வங்கி திறக்க இன்னும் இரண்டு நாள்.
நானூறு அடித்துப் பாருங்கள் என்று சொல்ல
அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் தோன்றியது.

திங்கள்கிழமை, சுண்ணாம்பாற்றுப் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தபோது
டிபன் பையின் மேல் விரல்கள் தாமாக எண்ணின.
இருப்பு போதாது.
பதினான்கு.
இன்னொரு தடவை எண்ணினேன், பதினான்குதான்.
இரண்டு மிச்சம் வேறு.
ஏழு மாதமாக வரம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்,
நிவேதனையும் சேர்த்து.

டிக்கெட் போட்டிருக்கிறேன்.
'பொருள் மாறவில்லை, அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம்'
என்று யாரோ எழுதியிருக்கிறார்கள்.
முன்னுரிமை: குறைவு.
நிலை: திறந்துள்ளது.
இந்த இரண்டு சொல்லும் நான் போட்டதுதான்.
போன காலாண்டு மதிப்பீட்டில் எனக்கு
'எதிர்பார்ப்புக்கு ஏற்ப'.

சனிக்கிழமைகளில் மஞ்சக்குப்பம் போகிறேன்.
என் கணக்கில் இருப்பதைவிட
ஐந்நூறு கூடுதலாகக் கேட்கிறேன்.
இருப்பு இல்லை என்கிறது.
பின்னால் நிற்பவர்கள் பார்க்காத மாதிரி பார்க்கிறார்கள்.
அட்டையை எடுத்துக்கொள்ளவும்
என்று அடுத்த வரி வருகிறது.
அதற்கு மட்டும்
இடம் தாராளமாக இருந்தது.