சொந்தக் கர்ச்சு

"சொந்தக் கர்ச்சுக்குக் காதம்மா இதி" என்றார்
புத்தூர் கிளை மேனேஜர்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.
அம்மாவுக்குச் சொந்தம் என்றால்
சித்தப்பா, மாமன், கல்யாணத்துக்கு வந்து தின்றுவிட்டு
மொய் எழுதாமல் நழுவுகிறவர்கள்.
"ஒருத்தனுக்கும் தரமாட்டோம் சார்" என்று
சத்தியம் செய்தாள்.
நான் திருத்தவில்லை.

உடன்கடனாளி என்ற கட்டத்தில்
தேசம்மா என்று போட்டாள்.
தெலுங்கில் மூன்றே எழுத்து.
மாம்பழக்கூழ் கம்பெனியின் கூலி ரிஜிஸ்தருக்காகக்
கற்றுக்கொண்டது.

லேப்டாப்புக்கு நாற்பத்தெட்டாயிரம்
பாஷா கடையின் பெயருக்கு டிராஃப்டாகப் போயிற்று.
பாஷா எனக்குக் கொடுத்தது இருபத்தோராயிரத்துக்கு
யாரோ தட்டித் தேய்த்த பழையது ஒன்று.
தன் பங்கு இரண்டரை எடுத்துக்கொண்டு
மீதியைக் கவரில் போட்டு நீட்டினான்.
"எல்லாரும் செய்யறதுதாம்மா."
பில்லில் மட்டும் எல்லாம் புத்தம்புதுசு.

கூரை ஒழுகியது, உண்மை.
அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது, உண்மை.
அதற்குச் செலவழித்திருந்தால்
இதைத் தலைநிமிர்ந்து எழுதியிருப்பேன்.
நான் வெள்ளை ஷூ வாங்கினேன்.
திருப்பதியில் ஏசி ஓட்டலில்
தனியாக உட்கார்ந்து
மெனுவின் வலப்பக்கம் பார்க்காமல் ஆர்டர் செய்தேன்.
அப்புறம் ஆளுயரக் கண்ணாடி.
ஷேர் ஆட்டோவில் மடியில் சாய்த்துப் பிடித்து வந்தேன்.
நகரி மலையின் மூக்கு
அதில் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே வந்தது.

பத்தொன்பது வயதில் முதல் தடவையாக
என் முழங்காலையும் முகத்தையும்
ஒரே சமயத்தில் பார்த்தேன்.
இது படிப்புச் செலவா என்று கேட்டால்
என்ன சொல்ல?

ஷிப்ட் முடிந்து வந்த அம்மா
முழங்கை வரை மஞ்சளாய்
கண்ணாடி முன்னால் நின்றாள்.
பக்கவாட்டில் திரும்பினாள்.
எங்கேயிருந்து என்று கேட்கவில்லை.
"மிச்சம் எவ்ளோ?" என்றாள்.
சொன்னேன்.
புடவைத் தலைப்பால் கண்ணாடியில் ஒரு கறையைத் துடைத்தபடி
"பட்டர்ஸ்காட்ச், பெரிய டப்பா" என்றாள்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை.
அதனால் ஒரு லிட்டரையும் அன்றைக்கே தின்றாக வேண்டும்.
ஆளுக்கொரு ஸ்பூனோடு
கரைவதற்குள் கரைவதற்குள் என்று
பேசாமல் தின்றோம்.
கடைசியில் டப்பாவைக் கழுவி
அதில் துவரம்பருப்பு போட்டு வைத்தாள்.

படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்
தவணை தொடங்கும்.
எண்பத்துநாலு மாதம்.
செமஸ்டருக்கு என்ன வட்டியோ
முந்திரித் துண்டுக்கும் அதே வட்டி.
நான்தான் கட்டப்போகிறேன்,
அப்புறம் யாருக்கு என்ன என்று
இரண்டு நாள் இந்த வாதத்தோடு நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் ரெட்டெப்பா ஞாபகம் வந்தான்.
கார்வேட்டிநகரம் பையன்.
வங்கி பெஞ்சில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவன்.
அவன் அப்பா பேரில் பழைய பயிர்க்கடன் பாக்கி.
ஃபைலைத் திறந்தார்கள், மூடினார்கள்.
"டூரிஸ்ட் பஸ்ஸுக்கு கிளீனர் கேக்கறாங்க" என்று
யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுக்குக் கிடைக்காமல் போனதற்கும்
என் ஷூவுக்கும் சம்பந்தமில்லை.
கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்,
நிஜமாகவே இல்லை.

விண்ணப்பம் நிரப்ப
என் பேனாவைத்தான் வாங்கியிருந்தான்.
மூன்று ரூபாய் பேனா.
அவனுக்கு இல்லையென்று சொன்ன பிறகு
படியிறங்கி ரோட்டுக்குப் போனவன்
பாதியில் நின்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து
திரும்பி ஏறி வந்தான்,
மூடியோடு கொடுத்துவிட்டுப் போனான்.